மூவாத போர்வீரனுக்கு எத்தனை வயது எழுதலாம்?

கேள்வி: நான் எழுதிவரும் அறிவியல் புனைகதையில் மூப்பே அடையாத போர்வீரர் இனம் ஒன்று வருகிறது. அவர்களுடைய படைத்தலைவனுக்கு வயது 3,000. அத்தனை ஆண்டும் முன்வரிசையில் நின்று போரிட்டவன். இது அறிவியலுக்குப் பொருந்தாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உயிரியல்படி சாகாவரம் பெற்ற இனம் என்று எழுதிய பிறகு என்ன தடை?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் அதற்கு உயிரியலைவிடச் சாதாரணக் கணக்கே போதும். மூவாமை வேறு, சாவாமை வேறு என்பதைத் தமிழ் நெடுங்காலமாகவே தனித்தனிச் சொற்களில் வைத்திருக்கிறது. நீங்கள் முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதைக் கேட்கிறீர்கள். வளர்ந்த மனிதருக்கு இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ‘உயிரியல் இறவாமை’ என்று உயிரியலாளர்கள் சொல்வது அந்த ஏற்றம் இல்லாத நிலையை மட்டுமே. நன்னீரில் வாழும் ஹைட்ரா என்னும் சிற்றுயிரை நான்கு ஆண்டுகள் வளர்த்துக் கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், வயதோடு அதன் இறப்பு விகிதம் உயர்ந்ததற்கான அடையாளம் தென்படவில்லை. ஆனாலும் ஹைட்ராவை மீன் தின்றால் அது செத்துத்தான் போகும்.

இப்போது உங்கள் படைக்கு வருவோம். 10,000 வீரர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் போரில் விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓயாத போருக்கு இது மிகையான எண் அன்று. நூறாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 60 பேர் மிஞ்சுவார்கள், இருநூறாம் ஆண்டு முடிவில் ஒருவர்கூட மிஞ்சுவது ஐயம். படையில் சேர்ந்தபின் சராசரியாகக் கிடைப்பது 20 ஆண்டு. ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வரும் ஜெம்ஹதார் வீரர்களிடையே இருபது வயதுக்காரர் மதிப்புக்குரிய மூத்தவராகக் கருதப்படுவதை விந்தையான கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கோ போர்வீரர் இனங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கணக்குக்கு மிக நெருங்கி நிற்பது அதுதான்.

இங்கே நீங்கள் ஒரு விதிவிலக்கைச் சொல்வீர்கள் என்று தெரியும்: அனுபவம் கூடக்கூட வீரன் சாகாமல் இருக்கக் கற்றுக்கொள்வானே? அது உண்மைதான். ஆகவே பத்து ஆண்டு தாக்குப்பிடித்தவனுக்கு ஆபத்து ஐந்திலிருந்து நூற்றுக்கு ஒன்றாகக் குறைகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவன் ஆயிரம் ஆண்டைத் தொடுவது அரிது, மூவாயிரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மேலும், மூத்தவர்கள் குறைவாகச் சாகிறார்கள் என்பதாலேயே அவர்கள் திறமை பெற்றுவிட்டார்கள் என்று முடிவுகட்டவும் கூடாது. படையில் 9,500 பேர் முன்வரிசையில் ஐந்து விழுக்காடு ஆபத்திலும், 500 பேர் கிடங்கிலும் சமையலறையிலும் அரை விழுக்காடு ஆபத்திலும் இருப்பதாகக் கொண்டால், நூறு ஆண்டு கழித்து எஞ்சும் சுமார் 360 பேரில் 300 பேர் கிடங்குக்காரர்களாகவே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படை முழுவதும் வயதாக வயதாக வலிமை பெறுவதாகத் தோன்றும். உள்ளே நடந்தது என்னவோ, ஆபத்தில் நின்றவர்கள் முன்னதாகவே கழிந்துபோனதுதான். மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1979 முதல் எச்சரித்துவரும் பிழை இது, நம்மவர்கள் இன்னமும் செய்கிறார்கள். மூவாத இனத்தின் மிக முதிர்ந்த ஆள் பெரும்பாலும் கணக்குப்பிள்ளையாகத்தான் இருப்பார்.

அந்த இனம் மூவாமையை எங்கிருந்து பெற்றது என்பதையும் யோசியுங்கள். எப்படியும் சீக்கிரம் கொல்லப்படப்போகும் உடலை நெடுங்காலம் பழுதுபார்த்து வைப்பதால் இயற்கைத் தேர்வுக்கு ஆதாயம் இல்லை என்பது உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952இல் விளக்கிய கருத்து. பாதுகாப்பான நிலவளைகளில் வாழும் உரோமமற்ற வளை எலி 30 ஆண்டுக்கு மேல் வாழ்கிறது, வெளியில் ஓடித்திரியும் வீட்டுச் சுண்டெலி நான்கைத் தாண்டுவதே அரிது. ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டின் குரோகன் இனமோ, கொலைக்களம் போன்ற கோளில் உருவாகியும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்கிறது; இது தலைகீழ். யாரோ ஆய்வகத்தில் வடிவமைத்தார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சிங்கி இறாலை மட்டும் தயவுசெய்து உதாரணம் காட்டாதீர்கள். அது சாகாத உயிர் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். உண்மையில் உடல் பெருக்கப் பெருக்க ஓடு கழற்றும் உழைப்பு தாங்காமலே பல முதிய இறால்கள் மடிகின்றன. ‘இறவா ஜெல்லிமீன்’ பட்டினியிலோ காயத்திலோ தன் இளம்பருவத்துக்கே திரும்பிவிடுகிறது. மூளை இல்லாத உயிருக்கு அதனால் இழப்பில்லை, உங்கள் தலைவனோ மூவாயிரம் ஆண்டு நினைவையும் சேர்த்து இழப்பான். ஆய்வு நிறுவனங்களின் செய்திக்குறிப்பே ‘சாகாவரம்’ என்று தலைப்பிடுகிறது, நாளிதழ் அதைப் பெரிதாக்குகிறது, சில ஆண்டில் அது பாடநூலுக்குள் நுழைந்துவிடுகிறது. திருத்தக் கேட்டு எழுதினால் பதில் வருவதில்லை.

இதில் பிழைப்பு நடத்துபவர்களும் இருக்கிறார்கள். கதைக்கு ‘அறிவியல் சரிபார்ப்புச் சான்று’ தருவதாகப் பணம் வாங்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். அவர்கள் தரும் ஆயுள் அட்டவணை வெவ்வேறு ஆட்களின் கைப்பிரதிகளில் ஒரே பிழைகளோடு என் மேசைக்கு வந்திருக்கிறது. டெலோமியரை (குரோமோசோம்களின் முனைகளில் உள்ள காப்பு உறையை) நீட்டினால் மூப்பு நின்றுவிடும் என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். அதே வரியை வைத்து மாத்திரை விற்பவர்களும் உண்டு.

உங்கள் தலைவனைக் காப்பாற்ற வழி இருக்கிறது. முன்வரிசையில் அவன் நின்றது 40 ஆண்டு என்று எழுதுங்கள். ஐந்து விழுக்காடு ஆபத்தில் எட்டில் ஒருவன் அதைத் தாண்டுவான். மிச்சக் காலத்தை ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் ஆபத்தில்லாத கட்டளை அறையில் கழித்தால், அப்படி அமர்ந்தவர்களில் இருபதில் ஒருவர் 3,000ஐ எட்டலாம். அது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால், ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் கப்பலில் அவனை ஏற்றிவிடுங்கள். நாட்காட்டியில் வயது ஓடும், உடம்பில் மிக மெதுவாகத்தான் ஓடும்.