காருக்குள்ளிருந்து தெரியாதவை: வாசகர் கேள்வி – பதில்

ஓட்டுநரின் பார்வை மறைவதால் நேரவிருந்து நூலிழையில் தவறிய விபத்துகளைப் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில் ஆறு, இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஐயா, நான் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். அண்மையில் ஒரு சாலைச் சந்திப்பில் இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காரை நகர்த்தினேன். அப்படியும் ஒரு மோட்டார் சைக்கிள் என் பானெட்டை உரசுகிற அளவுக்கு வந்து, கிறீச்சிட்டு நின்றது. அது வந்ததை நான் பார்க்கவே இல்லை. கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கவனக்குறைவு என்கிறார் என் மனைவி. தவறு எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் மனைவியின் கூற்றைப் பாதிதான் ஏற்பேன். முன்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்களைத்தான், அதாவது ‘ஏ பில்லர்’ எனப்படுபவற்றைத்தான், நான் முதலில் சந்தேகிப்பேன். கார் உருண்டாலும் கூரை நசுங்காதிருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட காரணங்களால், பழைய கார்களில் ஒல்லியாக இருந்த இந்தத் தூண்கள் இப்போது நன்றாகத் தடித்துவிட்டன. இரு கண்களாலும் பார்க்கும்போது ஒரு தூண் மறைக்கும் கோணம் 6 பாகையைத் தாண்டக் கூடாது என்று, ஓட்டுநரின் முன்பார்வை குறித்த ஐ.நா.வின் 125-ஆம் எண் வாகன விதி வரையறுக்கிறது. 6 பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கோணம் 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்தையும், 40 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 4 மீட்டர் அகலத்தையும் மறைத்துவிடும். முன்னதில் நேரெதிரே வரும் மோட்டார் சைக்கிளும், பின்னதில் ஒரு சிறிய காரும் முழுதாக ஒளிந்துகொள்ளலாம்.

கார் நகர நகர மறைந்திருப்பது தானாக வெளியே வந்துவிடாதா என்று கேட்பீர்கள். மற்றவை எல்லாம் வந்துவிடும். மோதப் போகிற வண்டி மட்டும் வராது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உங்கள் பக்கத்துத் தூண், நேர்ப்பார்வைக்கு 30 பாகை விலகி நிற்கிறது. நீங்கள் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் சந்திப்பை நெருங்குகிறீர்கள். குறுக்குச் சாலையில் ஒரு சைக்கிள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அதே இடத்திற்கு, அதே நொடியில் வந்து சேரப் போகிறது. இருவரும் வேகத்தை மாற்றாதவரை, ஐந்து விநாடிக்கு முன்பும் மூன்று விநாடிக்கு முன்பும் அந்தச் சைக்கிள் உங்கள் கண்ணுக்கு ஒரே 30 பாகைத் திசையில்தான், அதாவது தூணுக்குப் பின்னால்தான், நின்றுகொண்டிருக்கும். மோதலுக்கு ஐந்து விநாடி முன்பு அது 56 மீட்டர் தொலைவில் இருக்கும். அங்கே தூண் மறைக்கும் அகலம் கிட்டத்தட்ட 6 மீட்டர். நெருங்க நெருங்க மறைவின் அகலம் குறைந்து, மோதலுக்கு ஒன்றரை விநாடிக்கும் குறைவான நேரம் இருக்கும்போதுதான் சைக்கிளின் இரு முனைகளும் தூணுக்கு வெளியே தலைகாட்டும். அதற்குப் பிறகு கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த நேரம் சரியாகப் போய்விடும். ‘எங்கிருந்துதான் வந்தான்’ என்று ஓட்டுநர் கேட்கும் வண்டி, பெரும்பாலும் ஐந்தாறு விநாடிகளாக அங்கேயே இருந்த வண்டிதான்.

கடலில் இது பழைய பாடம். நெருங்கி வரும் கப்பல் தெரியும் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால் மோதல் அபாயம் உண்டென்று கொள்ள வேண்டும் என 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளே சொல்கின்றன. சாலையில் செல்பவர்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

இதற்கான மாற்று எளியது. சந்திப்பை நெருங்கும்போது தலையை மட்டும் திருப்புவதோடு நிற்காமல், இடுப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்கு முன்னும் பின்னும் சாய்ந்து, தூணைச் சுற்றிப் பாருங்கள். தூண் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், அந்தச் சிறு அசைவே அதன் பின்னால் இருக்கும் பல மீட்டர் சாலையைத் திறந்து காட்டிவிடும். வேகத்தைச் சற்றுக் குறைப்பதும் அதே காரணத்தால் பலிக்கும்: வேகம் மாறியதும் கோணமும் மாறி, ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். இன்னொன்று, பார்வையை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே வீச்சாக ஓட்டாதீர்கள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குத் தாவும் அந்தச் சிறு பொழுதில் மூளை காட்சியைப் பதிவு செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. மேலும் கூர்மையாகப் பார்க்கும் விழிப்பகுதி ஏறத்தாழ 2 பாகை அகலம்தான். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று இடங்களில் கண்ணை நிறுத்திப் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. உங்கள் மனைவி சொன்னதில் நான் ஏற்கும் பாதி இதுதான்.

கேள்வி: தடம் மாறும்போது பக்கவாட்டில் வந்துகொண்டிருக்கும் கார் கண்ணாடியில் தெரிவதே இல்லை, ஹாரன் அடித்த பிறகுதான் தெரிகிறது. சைடு மிரர்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் சைடு மிரரில் உங்கள் காரின் கதவு எவ்வளவு தெரிகிறது என்று முதலில் பாருங்கள். பலருடைய கண்ணாடியில் கால் பங்கை அவர்களுடைய கதவே அடைத்துக்கொண்டிருக்கும். சொந்தக் கதவு எங்கும் ஓடிப்போகப் போவதில்லை. அதற்கு இத்தனை இடம் எதற்கு?

பிளைண்ட் ஸ்பாட் என்னும் மறைபரப்பைச் சுருக்க, ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் ஒரு முறையை விளக்கினார். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை அமைக்கும்போது, தலையைப் பக்கத்து ஜன்னலைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, காரின் விலாப்பகுதி கண்ணாடியின் உள்விளிம்பில் மட்டும் தெரியும்படி திருப்ப வேண்டும். மறுபக்கத்துக் கண்ணாடிக்கு, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுபோய் அதே போலச் செய்ய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் இரண்டிலுமே தெரியாது. சரியாக அமைந்துவிட்டதா என்பதை, உங்களை முந்திச் செல்லும் ஒரு வண்டியை வைத்தே அறியலாம். அது நடுக்கண்ணாடியிலிருந்து விலகத் தொடங்கும்போதே சைடு மிரரில் முளைக்க வேண்டும். சைடு மிரரிலிருந்து மறைவதற்குள் உங்கள் கடைக்கண்ணில் பட்டுவிட வேண்டும்.

தொடக்கத்தில் இது உங்களை எரிச்சலூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தக் கார் தெரியாததால் பின்னால் வருவது எந்தத் தடத்தில் வருகிறது என்பது குழம்பும். நெருக்கமான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது விலாப்பகுதியைப் பார்க்க வேண்டியிருந்தால் கண்ணாடியைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும். கண்ணாடி எவ்வளவு சரியாக அமைந்தாலும், தடம் மாறுமுன் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதைக் கைவிட வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கு மிகச் சிறிய இடைவெளியே போதும். குவிந்த கண்ணாடியில் எல்லாம் சிறிதாகவும், அதனால் தொலைவிலும் தோன்றும் என்பதால், ‘இன்னும் தூரத்தில்தானே வருகிறான்’ என்ற கணிப்பை நடுக்கண்ணாடியில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

லாரியை ஒட்டிச் செல்லும்போது கணக்கு தலைகீழாகிவிடும். லாரி ஓட்டுநரின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்களும் தெரியவில்லை.

கேள்வி: இரவில் கண் கூசாமல் இருக்க மஞ்சள் நிறக் கண்ணாடி அணியலாமா?

பதில்: வேண்டாம். 2019-இல் ‘ஜாமா ஆப்தல்மாலஜி’ இதழில் வெளியான ஆய்வொன்றில், இவ்வகைக் கண்ணாடிகள் இரவில் பாதசாரிகளைக் கண்டுகொள்ள உதவவில்லை என்றே தெரியவந்தது. எந்த நிறக் கண்ணாடியும் கண்ணுக்குள் வரும் ஒளியைக் குறைக்கத்தான் செய்யும். இரவில் குறைப்பதற்கு உங்களிடம் மிச்ச ஒளி இல்லை.

கேள்வி: எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது. பகலில் சிரமமே இல்லை. இரவில் எதிர்வரும் விளக்கு கடந்து சென்ற பிறகு சில விநாடிகள் சாலையே தெரிவதில்லை. ஒருமுறை ஓரமாக நடந்து சென்றவரை மிக அருகில் வந்த பிறகே பார்த்தேன். இரவில் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: உடனே நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன், உடனே கண் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்வேன். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மங்குகிறது. அறுபது வயதினரின் விழித்திரைக்கு, இருபது வயதினருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. கண்புரை தொடங்கியிருந்தால் எதிர்விளக்கின் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, மங்கலானவற்றை எல்லாம் மூடிவிடும். வெளிச்சமான அறையில் எழுத்துப் பலகையைத் தடையின்றி வாசித்துவிடுவதால் மட்டும் இது வெளிப்படாது. ஆகவே இரவுக் கூச்சத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை காரில் செய்யக்கூடியவை சில உண்டு. முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஆவி அங்கே மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் கண்ணுக்கே தெரியாத அந்தப் படலம், இரவில் ஒவ்வொரு விளக்கையும் ஒளிவட்டமாக ஊதிக் காட்டும். வெளியே மட்டும் கழுவிவிட்டு, கண்ணில்தான் கோளாறு என்று நினைப்பவர்கள் பலர். நடுக்கண்ணாடியின் அடியில் சிறு நெம்புகோல் இருந்தால், இரவில் அதைத் தட்டி வைத்தால் பின்னால் வரும் விளக்கின் கூச்சம் அடங்கும். எதிர்விளக்கை நேராகப் பார்க்காமல், உங்கள் பக்கத்துச் சாலை ஓரக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

வேகக் கணக்கையும் மறக்க வேண்டாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஒருவரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால் 33 மீட்டரும், அதன்பின் நல்ல உலர்ந்த சாலையில் நிற்பதற்கு இன்னும் ஏறத்தாழ 35 மீட்டரும் தேவை. லோ பீம் விளக்கில் கறுப்பு உடை அணிந்து நடப்பவர் அந்த 68 மீட்டருக்கு அப்பால் தெரிவார் என்று நம்புவதற்கு இடமே இல்லை. மணிக்கு 50 கி.மீ. ஆனால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 35 மீட்டராகச் சுருங்கும்.

கேள்வி: மழையில் கண்ணாடி மூடிக்கொள்கிறது. துடைத்தாலும் மறுபடி மூடுகிறது. பனிமூட்டத்திலும் இதே தொல்லை.

பதில்: பனித்திரை எந்தப் பக்கத்தில் படிகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உட்புறம் என்றால், உங்கள் மூச்சிலும் நனைந்த உடையிலும் உள்ள ஈரம்தான் காரணம். ஏசியைப் போட்டு, காற்று உள்ளேயே சுழலும் பொத்தானை அணைத்து, காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுத்துவிடுவதால் குளிர்காலத்திலும், ஹீட்டரோடு சேர்த்தே, இது பயன்படும். வெளிப்புறம் என்றால், ஏசியால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது. குளிரைக் குறைத்து வைப்பரை ஓட்டினால் போதும்.

வெளியே உண்மையான மூடுபனி என்றால் ஹை பீம் போடாதீர்கள்; ஒளி நீர்த்துளிகளில் பட்டு உங்கள் முகத்திற்கே திரும்பும். ஸ்பீடோமீட்டரையும் அடிக்கடி பாருங்கள். காட்சி மங்கும்போது மனிதர்கள் தம் வேகத்தைக் குறைவாக மதிப்பிட்டு, தம்மை அறியாமலே விரைந்து ஓட்டுகிறார்கள் என்று 1998-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கேள்வி: என் தந்தையின் காரில் டேஷ்கேம் வைத்திருக்கிறோம். அவர் மயிரிழையில் தப்பிய ஒரு நிகழ்வைப் பார்த்தபோது, குறுக்கே வந்த வண்டி நான்கு விநாடிகள் தெளிவாகத் தெரிந்தது. அப்பாவோ பார்க்கவே முடியவில்லை என்று சாதிக்கிறார். யாரை நம்புவது, அப்பாவையா கேமராவையா?

பதில்: இருவரையும் நம்பலாம். கேமரா முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் தூணும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. உங்கள் தந்தை பார்ப்பது வேறோர் இடத்திலிருந்து. அந்தப் பதிவை வைத்து அவரோடு வழக்காடுவதைவிட, ஒருநாள் காரை ஒரு திறந்த வெளியில் நிறுத்தி, அவரை வழக்கம்போல் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் இருபது அடி தள்ளி நின்று காரைச் சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள். நேராகவோ கண்ணாடிகளிலோ நீங்கள் தெரியாமல் போகும் ஒவ்வோர் இடத்திலும் அவர் குரல் கொடுக்கட்டும். அங்கே ஒரு கல்லை வையுங்கள். அதையே குனிந்து, ஒரு சிறுவனின் உயரத்தில், மறுபடியும் செய்யுங்கள். பானெட் உயர்ந்த வண்டி என்றால் முன்னாலும், எந்த வண்டி என்றாலும் பின்னாலும், கற்கள் கூடும்.

பிறகு அவர் இருக்கையை ஒரு படி உயர்த்தி, நடுக்கண்ணாடியில் தொங்கும் அலங்காரப் பொருளைக் கழற்றி, மொபைல் ஹோல்டரை முன்கண்ணாடியிலிருந்து டேஷ்போர்டின் விளிம்புக்குக் கீழே இறக்கிவிட்டு, மீண்டும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தக் கற்களை எடுத்துவிடலாம் என்று அவரே சொல்வார்.