ஆளுக்கென்று செலவில்லையா?

கேள்வி: இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பொருளாதார ஆய்வாளராக இருக்கிறேன். ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்கிறார்கள். கும்பகோணத்தில் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். தங்கை பள்ளிக்கூட வேலையை விட்டு வீட்டோடு இருப்பதால் ஆளுக்கென்று செலவில்லை. மருந்துக்கு மாதம் 20,000 ரூபாய் அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் மனம் உறுத்துகிறது. ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா?

பதில்: திரும்புவதா, இருப்பதா என்பது கிடக்கட்டும். 'ஆளுக்கென்று செலவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, வேறு யாராவது எழுதியிருந்தால் பேசாமல் கடந்திருப்பேன். ஒன்றில் செலவிடும் நேரத்தால் இன்னொன்றில் என்ன இழக்கிறோம் என்று பார்ப்பதற்குத்தானே உங்களுக்குச் சம்பளமே?

ஒரு மருந்து கொடுக்கும் விலைக்குத் தகுமா என்று பிரிட்டன் அரசுக்குச் சொல்லும் நைஸ் அமைப்பு, முழு நலத்தோடு வாழும் ஓராண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்று நெடுங்காலம் அளவு வைத்திருந்தது. அதன் அடிப்படைக் கணக்கில் மருத்துவச் சேவைக்கும் சமூகப் பராமரிப்புக்கும் அரசு செய்யும் செலவுதான் ஏறும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளின் நேரம் செலவில் ஏறாது. அரசுப் பணத்துக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் அப்படி எழுதட்டும். நீங்கள் அதே பேரேட்டைக் கும்பகோணத்து வீட்டிலும் விரித்துவிட்டீர்கள்!

அவள் விட்ட சம்பளம் எவ்வளவு, அதே வேலைக்கு ஆள் வைத்தால் எவ்வளவு என இரண்டு விதமாகவும் மதிப்பிட உங்கள் துறையிலேயே வழி இருக்கிறது. ஆனாலும் தங்கை என்று வந்தால் கை எழுதவில்லை.

என் மாமியாரை நான்கு வருடம் பார்த்தவள் நான். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; தவறினால் முதுகில் புண். புரையேறாமல் ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம். இடுப்பு வலி எனக்கு இன்றும் போகவில்லை. 'நீ வீட்டில்தானே இருக்கிறாய்' என்று அப்போது சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டாரைச் சம்பளமின்றிக் கவனிப்பவர்களில் பெண்கள் நாளுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டதாக இருக்கிறது. உங்கள் கணக்கில் எத்தனை நிமிடம்?

மகன் பணம் அனுப்புவான், மகள் உடம்பைக் கொடுப்பாள் என்ற பாகப்பிரிவினை எனக்கு ஆகாது. பெற்றவரைப் பார்க்கும் கடன் இரண்டு பேருக்கும்தான். மணி வாரியாக எழுதி அனுப்பு என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள். அதுவும் அவள் தலையில் ஒரு வேலை. மூன்று வாரம் லீவு போட்டு வாருங்கள். அவளை எங்காவது அனுப்பிவிட்டு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் படுங்கள். கிளம்பும் முன் இரவுக்கு ஓர் ஆள் வைத்துவிடுங்கள். அவள் விட்ட சம்பளத்தை மாதாமாதம் அவள் பெயருக்கே போடுங்கள். அதற்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் என்ன பாடம் நடத்தினாள் என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டு எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.