நினைவு மலரில் வலிப்பைப் பற்றி எழுதலாமா?

கேள்வி: என் அயித்தை, அப்பாவின் அக்கா, போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். பள்ளிக்கூட வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு. ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து நெற்றியில் பெரிய தழும்பு. கல்யாணம் ஆகவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஓலைக் கொட்டான் பின்னுவார், சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், மாத்திரை வாங்கத் தனியாக பஸ் ஏறி மதுரைக்குப் போய் வருவார். படிக்க வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே, "நான் விழுந்தா பயப்படாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கடிகாரத்தைப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். வருடத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம். வலிப்பைப் பற்றி நான் எழுதிய பக்கத்தைப் பெரியப்பா எடுத்துவிட்டார். வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்கிறார். என்ன செய்யட்டும்? இன்னொன்று, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டவர் இப்படிப் போனது நாங்கள் சரியாகக் கவனிக்காததாலா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: எழுதுங்கள் அம்மா. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் மலரைப் படிப்பவர், நல்ல மனுஷி, கொட்டான் பின்னினார், கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று புரட்டிவிட்டுப் போய்விடுவார். எந்த நிமிடம் எங்கே விழுவோம் என்று தெரியாமல் ஒரு பெண் பஸ் நிலையத்தில் தனியாக நின்றது என்றால் என்ன என்று அவருக்கு எப்படிப் புரியும்? நடுவழியில் நினைவு தப்பி, கண் விழித்தால் சுற்றிலும் கூட்டம், சேலையைச் சரி செய்து, பை இருக்கிறதா என்று பார்த்து, தெரியாதவர் நீட்டும் தண்ணீரைக் குடித்து எழுந்து, அப்புறம் அடுத்த முறையும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். இப்படி எத்தனை முறை அவருக்கு நடந்ததோ, யார் கண்டது. அவர் தைரியமெல்லாம் அங்கேதான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

அவர் கடைசிவரை மறைத்து வாழ்ந்தவராக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். போனவர் மூடி வைத்ததை நாம் அச்சில் ஏற்றக்கூடாது. ஆனால் இவர் எட்டு வயதுப் பிள்ளையிடம்கூட நேராகச் சொன்னவர். அவர் சொன்னதைத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

பெரியப்பா மேல் கோபப்படாதீர்கள். அவர் பயம் வெறும் ஊர்ப்பேச்சிலிருந்து வந்ததில்லை, சட்டமே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது. இந்து திருமணச் சட்டத்தை 1976-ல் திருத்தியபோது, திரும்பத் திரும்ப வரும் வலிப்பை மனநோயோடு சேர்த்து, அது இருப்பவர் திருமணத்துக்குத் தகுதி இல்லாதவர் என்று எழுதி வைத்தார்கள். 1999-ல்தான் அதிலிருந்து வலிப்பை எடுத்தார்கள். உங்கள் அயித்தையின் இளமை முழுக்க அந்த வரி சட்டப் புத்தகத்தில் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் கூடப் பிறந்தவளுக்கு வரன் தேடி அலைந்த அண்ணன் தம்பிகள் எத்தனை வாசலில் என்னென்ன கேட்டிருப்பார்கள்! பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சட்டம் மாறிவிட்டது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பெண்களின் கல்யாணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு என்றாலே பரம்பரை என்று முடிவு கட்டுவது தப்பு. சில வகைகளில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தலையில் அடி, மூளைக்காய்ச்சல், பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறல், பக்கவாதம் என்று எத்தனையோ காரணங்களால் வருகிறது, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. நம் நாட்டில் இன்னொரு முக்கியமான காரணம், பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாகத் தங்குவது. அந்த முட்டை அசுத்தமான தண்ணீரிலும் சரியாகக் கழுவாத காய்கறியிலும் வரும் என்பதால், பரம்பரையாகச் சைவம் சாப்பிடும் வீட்டையும் அது விட்டுவைப்பதில்லை. அயித்தைக்கு இருந்ததால் தம்பி மகளுக்கும் வரும் என்று பயந்து வரனைத் தட்டிவிடுகிற குடும்பம், நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று பெரியப்பாவையே யோசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். வலிப்பு உள்ளவர்களில் சிலர், வேறு காரணம் எதுவும் தெரியாமல், பெரும்பாலும் இரவில் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோவது உண்டு. வலிப்பு உள்ள பெரியவர்கள் ஆயிரம் பேரில் வருடத்துக்குச் சுமார் ஒருவர். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி, அதுவும் இரவில் வருகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் அயித்தைக்கு நடந்தது அதுதானா என்று அவரைப் பார்த்துவந்த மருத்துவரால்தான் சொல்ல முடியும். போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம். மாத்திரை தவறாத வீட்டிலும், பக்கத்திலேயே ஆள் படுத்திருந்த வீட்டிலும் இது நடந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவரைக்கும், அவரைக் கவனிக்காத வீடாக எனக்குத் தெரியவில்லை.

சரி, மலருக்கு வருவோம். முதல் கட்டுரையைப் பெரியப்பாவையே எழுதச் சொல்லுங்கள். சின்ன வயதில் கூடப் பிறந்தவள் விழும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பிடித்த கைகளில் ஒன்று அவருடையதாக இருக்கும், சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும். அயித்தையிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்களோ, அவர்களிடமும் நாலு வரி வாங்குங்கள். அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களை, ஒருக்களித்துப் படுக்க வைப்பது முதல் கடிகாரம் வரை, பின் அட்டையில் பெரிய எழுத்தில் போடுங்கள். படத்தைச் சரி செய்கிறேன் என்று ஸ்டுடியோவில் நெற்றித் தழும்பை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சந்தையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைக் கொடுத்ததும் நின்றுவிட்டது. இதில் உண்மை உண்டா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால் பெயர் சாவிக்குப் போய்விட்டது. கூர்மையான சாவியால் கை கிழிந்தவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் கல், கம்பியை விலக்குங்கள், தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலேயே மறுபடி வந்தாலோ, விழுந்தவர் கர்ப்பிணியாக இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு வந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், அது பெரிய உதவி.

கேள்வி: என் தம்பி வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன் என்கிறான். அனுப்பலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் மருத்துவரைக் கேளுங்கள், கொஞ்ச நாளாக வலிப்பு வராமல் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அவர் சொல்வார். நடையைவிட, நடையோடு வரும் தூக்கக்கேடும், நேரம் தப்பிய மாத்திரையும்தான் எனக்குக் கவலை. இவை இரண்டுமே வலிப்பை இழுத்து வரும். இரவெல்லாம் நடக்கிற கூட்டத்தோடு சேராமல், ராத்தங்கலில் நன்றாகத் தூங்கி நடக்கிற ஆட்களோடு போகட்டும். மாத்திரை அவன் சட்டைப்பையில் ஒரு பங்கு, கூட வருபவர் பையில் ஒரு பங்கு இருக்கட்டும், அந்த ஆளுக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விரதம் என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது. வழியில் ஊருணி, குளம் எதிலும் தனியாக இறங்கிக் குளிக்க வேண்டாம், கரையில் நின்று வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும்.