பிரெஞ்சுப் போர்ப் படங்கள், 19ஆம் நூற்றாண்டு: கேள்வி பதில்

கேள்வி: குரோ வரைந்த ‘ஐலாவ் போர்க்களத்தில் நெப்போலியன்’ (1808) வெற்றிப் படமாம். கண்ணில் படுவதெல்லாம் பிணம்தானே?

பதில்: பாதி அரசே கேட்டது, பாதி குரோவின் கைவரிசை. 1807 பிப்ரவரியில் ரஷ்யப் படையோடு நடந்த அந்தப் போரில் சாவு ஏராளம்; சேதி பாரிசுக்கு வந்ததும் முணுமுணுப்பு. அருங்காட்சியகத் தலைவர் தெனோன் ஓவியப் போட்டி அறிவித்தார். சண்டை வேண்டாம், மறுநாள் பேரரசர் காயம்பட்டவர்களைப் பார்வையிடுவதை வரையுங்கள் என்பது நிபந்தனை. மாதிரிக்கு ஒரு கோட்டுப்படமும் கொடுத்தார். போட்டியிட்ட 26 பேரில் வென்றவர் குரோ. ஆனால் முன்வரிசைப் பிணங்களை ஆளுயரத்தைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டார்! பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த ஓவியத்துக்கு முன் நின்றால், நெப்போலியனுக்கு முன்பே பனி அப்பிய முகங்கள்தான் வந்து முட்டும். புத்தகத்தில் உள்ளங்கை அளவில் பார்த்தால் இது பிடிபடாது.

கேள்வி: என்னிடம் உள்ள எப்பினால் படத்தில் சிவப்பு, கோட்டைத் தாண்டி வழிகிறது. போலியா சார்?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. எப்பினால் என்ற பிரெஞ்சு ஊரில் மலிவான வண்ணப் படங்கள் அச்சடித்த பெல்லரின் அச்சகத்தில் மரக்கட்டையில் கோடுகளைச் செதுக்கி, கறுப்பில் அச்சடித்து, பிறகு நிறத்துக்கொரு ஸ்டென்சில் (நிறம் விழவேண்டிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்த தாள்) வைத்துத் தூரிகையால் தேய்ப்பார்கள். ஸ்டென்சில் சற்று நகர்ந்தால் ஒரு பக்கம் வெள்ளை விளிம்பு, மறுபக்கம் வழிசல். லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிறம் நுண்புள்ளிகளாகப் பிரிந்தால் பிற்கால மறுபதிப்பு.

கேள்வி: 1871இல் பாரிசைக் கைப்பற்றி ஆண்ட கிளர்ச்சி அரசான பாரிஸ் கம்யூன், அதன் கொலைகளின் போட்டோக்களை நம்பலாமா?

பதில்: ‘கம்யூனின் குற்றங்கள்’ வரிசையா? நம்பாதீர்கள். அப்பேர் என்ற போட்டோகாரர் நடிகர்களை நிறுத்திக் காட்சியைப் படமெடுத்து, வேறு படங்களிலிருந்து முகங்களை வெட்டி ஒட்டி, மொத்தத்தையும் மறுபடி படமெடுத்தார். தலைக்கும் உடலுக்கும் அளவு பொருந்தாது. ஒருவர் மேல் இடப்பக்க வெளிச்சம், பக்கத்து ஆள் மேல் வலப்பக்க வெளிச்சம். அப்போதைய எக்ஸ்போஷர் நேரத்துக்கு (படம் பதிய ஒளி விழவேண்டிய நேரம்), பாயும் ஆள் படத்தில் கலங்கலாகத்தான் பதிவான். இங்கே எல்லோரும் துல்லியம்.

கேள்வி: போர்ப் படங்களில் வருவதுபோல ஓடும் குதிரை நாலு காலையும் முன்னும் பின்னும் விரித்துப் பறக்குமா?

பதில்: பறக்காது. 1878இல் மைபிரிட்ஜ் என்ற போட்டோகாரரின் படங்கள் காட்டியபடி, நாலு காலும் தரையை விடும்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். அதற்கு முன்பே பிரெஞ்சுப் போர் ஓவியர் மெய்சோனியே, குதிரைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் போட்டு வண்டியில் கூடப் போய்க் கவனித்தவர். அவருக்கும் முழுதாகச் சிக்கவில்லை.