ஒரே காற்றுக்கு மூன்று அழுத்தமா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் நிலை அழுத்தம், இயக்க அழுத்தம், தேக்க அழுத்தம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். ஓடுவது ஒரே காற்றுதானே, மூன்று அழுத்தம் எப்படி வந்தது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மனப்பாடம் வேண்டாம் அம்மா. மகளை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, உள்ளங்கையை எதிர்க்காற்றுக்கு விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் கையைத் தள்ளுவது சுமார் 75 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). அதுதான் இயக்க அழுத்தம். வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். காற்று ஓடினாலும் ஓடாவிட்டாலும் நம்மை எல்லாப் பக்கமும் அமுக்கிக்கொண்டிருக்கும் நிலை அழுத்தமோ சுமார் ஒரு லட்சம் பாஸ்கல்! எல்லாப் பக்கமும் சமமாக அமுக்குவதால் அது நமக்குத் தெரிவதே இல்லை. காற்று மோதி அப்படியே நின்றுவிடும் இடத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது தேக்க அழுத்தம்.

நான் 26 வருஷம் விமானங்களின் வேகமானிகளைப் பழுதுபார்த்தவன். எங்களுக்குத் துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். காற்றை நேராகப் பார்க்கும் பீட்டோ குழாய்க்குள் தேக்க அழுத்தம் வரும். (1732-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி பீட்டோ இப்படி ஒரு வளைந்த குழாயை வைத்துத்தான் பாரிஸில் சேன் ஆற்றின் வேகத்தை அளந்தார்.) விமானத்தின் பக்கவாட்டில், காற்று உரசிக்கொண்டு போகும் இடத்திலுள்ள துளை நிலை அழுத்தத்தை மட்டும் எடுக்கும். வேகமானிக்குள் மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று உண்டு. சிமிழின் உள்ளே பீட்டோ காற்று, வெளியே பக்கத்துளைக் காற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்பச் சிமிழ் உப்பும், முள் நகரும். எத்தனை அழகான கழித்தல் கணக்கு!

இதில் பக்கத்துளையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1996 அக்டோபரில் பெருவின் லிமாவிலிருந்து நள்ளிரவுக்குப் பின் ஒரு போயிங் 757 கிளம்பியது. விமானத்தைக் கழுவும்போது அந்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. உயரமானிக்கும் காற்று அதே துளை வழியாகத்தான். இருட்டில், கடலுக்கு மேலே, விமானிகளுக்கு வேகமும் தெரியவில்லை, உயரமும் தெரியவில்லை. 70 பேரும் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகு, ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த முறை விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க வாய்த்தால், முன்பக்க உடம்பில் சிறு துளைகள் போட்ட உலோகத் தகடு எங்கே இருக்கிறது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். பாடத்தில் வரும் நிலை அழுத்தம் உள்ளே போகிற வழி அதுதான்.