லேப்டாப்பில் எச்டி வீடியோ பார்த்தால் நன்றாக ஓடுகிறது, எடிட் செய்தால் மட்டும் ஏன் திக்குகிறது?

வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை; ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஃபுல் எச்டி என்றால் ஒரு ஃபிரேமில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து அப்படியே சேமித்தால் நொடிக்கு 150 எம்பியைத் தாண்டிவிடும். அதனால் கேமரா ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது.

பால் கணக்கு நோட்டு மாதிரிதான். அன்றன்றைக்கு வாங்கியதை மட்டும் எழுதுகிறோம். 17-ம் தேதி வரை எவ்வளவு பாக்கி என்று திடீரென்று கேட்டால், 1-ம் தேதியிலிருந்து கூட்ட வேண்டும். வீடியோவை வரிசையாகப் பார்க்கும்போது கூட்டல் தானாக நடந்துகொண்டே வரும். எடிட்டிங்கில் முன்னும் பின்னும் தாவுகிறோமே, ஒவ்வொரு தாவலுக்கும் லேப்டாப் வீடியோவில் பின்னோக்கிப் போய் முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து மறுபடி கூட்டுகிறது.

பெங்களூரு அல்சூரில் நடந்த அக்கா மகளின் காதுகுத்து வீடியோவை என் பழைய லேப்டாப்பில் வெட்டினேன். ஆசாரி ஊசியை எடுப்பார், படம் அப்படியே உறைந்துவிடும். குழந்தையின் அழுகை மட்டும் கேட்கும்! கம்ப்யூட்டர் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு போய் ரேம் (தற்காலிக நினைவகம்) கூட்டிக்கொண்டு வந்தேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

கைகொடுத்தது ப்ராக்ஸி. அசல் ஃபைலுக்குப் பதிலாக, தாவுவதற்கு எளிதான ஒரு சின்ன நகலை வைத்து வெட்டுவது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. நகலில் வெட்டினால் கடைசி வீடியோவும் மங்கலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள்; எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் வழக்கமாக அசலைத்தான் எடுக்கும், அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.