பெருச்சாளி வேலை

அன்புள்ள ஐயா,
ஓர் ஆஸ்திரேலியச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒருவன் பக்கத்துத் தோட்டத்து உருளைக்கிழங்கை 'பேண்டிகூட்' செய்கிறான். அகராதியில் பெருச்சாளி என்றிருக்கிறது. 'பெருச்சாளித்தல்' என்று போடலாமா? விலங்குகள் மண்ணைப் பறிப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! நமக்கு 'தோண்டு' ஒன்றுதானே இருக்கிறது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
பெருச்சாளித்தல் வேண்டாம். செடியின் தலை அசையாமல் அடியில் கைவிட்டுக் கிழங்கை மட்டும் உருவிக்கொள்வதைத்தான் ஆஸ்திரேலியர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அந்த ஊர் பேண்டிகூட் நம் பெருச்சாளி அல்ல, கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள பிராணி. பறிக்கும்போது மண் புகாதபடி அதன் பை பின்பக்கமாகத் திறந்திருக்கும். பெயர் மட்டும் நம் பக்கத்திலிருந்து போனது. தெலுங்கில் பந்திகொக்கு என்றால் பன்றி எலி.

அது கிடக்கட்டும். 'தோண்டு' ஒன்றுதானே என்று எழுதினீர்களே, எந்த ஊரில் வளர்ந்தீர்கள்? கோழி தோண்டுமா? சீய்க்கும். நாய் குழி பறிக்கும். வண்டு குடையும். பன்றி கிண்டும், புறநானூற்றில் உழவே செய்யும். 168ஆம் பாட்டில் காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு காந்தள் கிழங்கு புரண்டு வெளியே வர மண்ணைக் கிண்டிப்போடுகிறது. அந்தப் புழுதியில் குறவர்கள் ஏர் பூட்டாமலே தினை விதைக்கிறார்கள். மூஞ்சியால் கிண்டுகிறதா, காலால் சீய்க்கிறதா, உள்ளே புகுந்து குடைகிறதா என்று கிட்ட நின்று பார்த்தவர்கள் வைத்த சொற்கள் இவை. நீங்கள் பார்த்தது அகராதியை மட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், காலையிலிருந்து இங்கே மின்சாரம் இல்லை.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம்தான் அப்பத்தாவின் கடலைக் கொல்லை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. செடியைப் பிடுங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று நானும் சித்தப்பா மகனும் அடிமண்ணை விரலால் நோண்டிக் காயை மட்டும் பறித்துக்கொள்வோம். பிறகு மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம். மேலே செடி பச்சையாக நிற்கும். நாலு நாள் அப்பத்தா பெருச்சாளியை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். வரப்பில் கிட்டி வைத்தாள். நாங்களும் கூடவே நின்று கிட்டிக்குக் கருவாடு எடுத்துக் கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் ஒரு செடியடியில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் எங்கள் விரல்களைப் பார்த்தாள்.

"ஏண்டா, எந்த ஊருப் பெருச்சாளிடா தின்னுப்புட்டு மண்ணை மூடி வைக்கும்?"

உலகத்தின் இன்னொரு மூலையில் இதே களவுக்கு ஒரு வினைச்சொல் இருப்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. அதற்காக உங்களைத் திட்டியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

'தழை அசையாமல் கிழங்கை நோண்டி எடுத்தான்' என்று எழுதுங்கள். முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.